டெங்கிப் பக்கத்தை எழுதியது யார்?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2016ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் சில குடியிருப்புப் பேட்டைகளில் ஒரு வேடிக்கை நடந்தது. தேங்கிய நீரைக் கொட்டுங்கள், பூச்சாடித் தட்டைக் கவிழ்த்து வையுங்கள், கொசுவை ஒழியுங்கள் என்று ஆண்டுக்கணக்கில் சொல்லிவந்த தேசிய சுற்றுப்புற வாரியம், பிரேடல் ஹைட்ஸ், தெம்பனிஸ் வெஸ்ட், நீ சூன் ஈஸ்ட் வட்டாரங்களில் தானே கொசுக்களைக் கொண்டுவந்து பறக்கவிட்டது. வோல்பாக்கியா திட்டம் என்று அதற்குப் பெயர்.

இருக்கிற கொசு போதாதா என்று கேட்கத்தானே தோன்றும்? விஷயம் இதுதான். வோல்பாக்கியா என்பது ஒரு நுண்ணுயிரி. பழ ஈ, பட்டாம்பூச்சி, தும்பி என்று ஏராளமான பூச்சிகளின் உடலில் இயற்கையாகவே குடியிருப்பது. டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி கொசுவிடம் மட்டும் அது இயற்கையில் இருப்பதில்லை. ஆகவே அந்த நுண்ணுயிரியைச் சுமக்கும் ஆண் கொசுக்களை ஆய்வுக்கூடத்தில் வளர்த்து வெளியே விடுகிறார்கள். அவை பேட்டையில் உள்ள பெண் கொசுக்களுடன் கூடும்போது, அந்தப் பெண் கொசுக்கள் இடும் முட்டைகள் பொரிப்பதில்லை. ஆண் கொசு மனிதரைக் கடிக்காது. செடிகளின் இனிப்புச் சாற்றைக் குடித்தே வாழ்வது அது.

இந்த ஐந்தாறு வரிகளைத் தெரிந்துகொள்ள ஒரு தமிழ்ப் பாட்டி எங்கே போவார்? பேத்தியைக் கேட்பார். பேத்தி உயர்நிலைப்பள்ளியில் உயிரியல் படிக்கிறாள்; ஆனால் ஆங்கிலத்தில் படிக்கிறாள். நுண்ணுயிரிக்குத் தமிழில் என்ன சொல் என்று அவளுக்குத் தெரியாது. “அது ஒண்ணும் செய்யாது பாட்டி, கவர்மெண்ட்ல சொல்லியிருக்காங்க” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மாலை சிராங்கூன் சாலையிலும் ரேஸ் கோர்ஸ் சாலையிலும் கூடும் கட்டுமான ஊழியர்களின் நிலையும் ஏறத்தாழ இதுதான். அவர்கள் வேலை பார்க்கும் கட்டுமானத் தளங்களில் நீர் தேங்கினால் கொசு பெருகும். முதலில் கடிபடுவோரும் அவர்களே. 2020ஆம் ஆண்டில் மட்டும் சிங்கப்பூரில் 35,000க்கும் அதிகமானோருக்கு டெங்கி கண்டது. சந்தேகம் வந்ததும் கையில் இருக்கும் கைத்தொலைபேசியைத்தான் தட்டுகிறார்கள். தேடியதும் முதல் வரிசையில் வந்து நிற்பது பெரும்பாலும் இணையக் கலைக்களஞ்சியமான விக்கிப்பீடியா. இன்று செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டாலும், அது கற்ற பாடங்களில் விக்கிப்பீடியாப் பக்கங்களும் உண்டு.

அந்தப் பக்கங்களை எழுதுவது யார்?

ஆங்கில டெங்கிப் பக்கத்திற்கு ஒரு வரலாறு உண்டு. கனடாவில் அவசரப் பிரிவு மருத்துவராகப் பணியாற்றும் ஜேம்ஸ் ஹெயில்மன், நுண்கிருமி ஆய்வாளரான கிரகாம் பியர்ட்ஸ் முதலியோர் விக்கிப்பீடியாவின் தொண்டூழியர்களாகவே அந்தக் கட்டுரையைச் செதுக்கினார்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மருத்துவ இதழ்களிலிருந்து சான்று காட்டினார்கள். பின்னர் அதை ‘ஓப்பன் மெடிசின்’ என்ற கனடிய மருத்துவ ஆய்விதழுக்கு அனுப்ப, வல்லுநர்கள் பரிசீலித்துத் திருத்தம் சொன்னபின், 2014ஆம் ஆண்டில் அது முறையான மருத்துவக் கட்டுரையாக வெளியானது. வழக்கமாக ஆய்விதழில் வந்ததைப் பார்த்துக் கலைக்களஞ்சியம் எழுதுவார்கள். இங்கே கலைக்களஞ்சியத்தில் வளர்ந்த கட்டுரை ஆய்விதழுக்குள் நுழைந்தது.

யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்ற இடத்தில் அறிவியலை நம்பலாமா என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்விதான். ‘நேச்சர்’ இதழ் 2005ஆம் ஆண்டில் இதைச் சோதித்துப் பார்த்தது. 42 அறிவியல் கட்டுரைகளை எடுத்து, விக்கிப்பீடியாவில் உள்ளதையும் பிரிட்டானிக்காவில் உள்ளதையும் எது எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல் வல்லுநர்களிடம் கொடுத்தது. விக்கிப்பீடியாவில் 162 பிழைகள், பிரிட்டானிக்காவில் 123. பெரும்பிழைகள் இரண்டிலும் நான்கு நான்கு. பிரிட்டானிக்கா நிறுவனம் ஆய்வு நடந்த முறையே தவறு என்று சண்டைக்கு வந்தது வேறு கதை. அந்தச் சோதனைக்குப் பிறகு சில உயிரியல் ஆய்வாளர்களுக்கு ஒன்று உறைத்தது. பிழை இருக்கிறது என்று வெளியே நின்று குறை சொல்வதைவிட, உள்ளே போய்த் திருத்துவது சுலபம்.

முதலில் பெரிய அளவில் இறங்கியது இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் அருகே ஹிங்ஸ்டன் என்ற ஊரில் உள்ள சாங்கர் ஆய்வுக் கழகத்தார். ஆர்என்ஏ மூலக்கூறுகளைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்து வைக்கும் ‘ஆர்ஃபேம்’ என்ற தரவுத்தளம் அவர்களிடம் இருந்தது. குடும்பங்கள் நூற்றுக்கணக்கில் பெருகின. ஒவ்வொன்றுக்கும் விளக்கம் எழுத ஆள் இல்லை. அலெக்ஸ் பேட்மனும் அவருடைய குழுவினரும் 2007ஆம் ஆண்டில் ஒரு துணிச்சலான முடிவுக்கு வந்தார்கள். விளக்கங்கள் அனைத்தையும் விக்கிப்பீடியாவில் போட்டுவிடுவது. உலகில் யாராவது அவற்றை மேம்படுத்தினால், அந்தத் திருத்தத்தைச் சரிபார்த்துத் தங்கள் தரவுத்தளத்திலும் காட்டுவது. வீட்டுச் சாவியை ஊர்க்காரர்களிடம் கொடுத்துவிட்டு, வாசலில் மட்டும் ஒரு காவலரை நிறுத்தியது போன்ற ஏற்பாடு.

அந்தக் குழுவில் ஒருவரைக் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும். மேக்னஸ் மான்ஸ்கே, ஜெர்மானியர், உயிர்வேதியியல் படித்தவர். 2002ஆம் ஆண்டு ஜனவரியில் விக்கிப்பீடியா மாறிக்கொண்ட புதிய மென்பொருளை எழுதியவர் இவர்தான். அதுவும் தொண்டாகச் செய்தது. விஞ்ஞானி வேறு, தொண்டூழியர் வேறு என்ற பிரிவே இல்லாத மனிதர்.

அடுத்த ஆண்டில் இன்னொரு புதுமை. ‘ஆர்என்ஏ பயாலஜி’ என்ற ஆய்விதழ், புதிய ஆர்என்ஏ குடும்பம் பற்றிய கட்டுரையை அனுப்புவோர் கூடவே ஒரு விக்கிப்பீடியாப் பக்கத்தையும் எழுதித் தர வேண்டும் என்று 2008 டிசம்பரில் நிபந்தனை விதித்தது. முதலில் வந்தது உருளைப்புழுக்களில் காணப்படும் ஓர் ஆர்என்ஏ வகையைப் பற்றியது. உருளைப்புழுவின் ஆர்என்ஏவால் நமக்கு என்ன பயன் என்று சிரிக்கலாம். நிபந்தனையைக் கவனியுங்கள். கண்டுபிடித்தால் மட்டும் போதாது, பொதுமக்கள் படிக்கும் இடத்தில் விளக்கவும் வேண்டும் என்று ஓர் ஆய்விதழே சொல்லிவிட்டது.

அதே 2008இல் அமெரிக்காவின் சான் டியேகோ நகரிலிருந்து ஆண்ட்ரூ சூவும் அவருடைய சகாக்களும் ‘ஜீன் விக்கி’ திட்டத்தை அறிவித்தார்கள். மனித உடலில் புரதங்களை உண்டாக்கும் மரபணுக்கள் ஏறக்குறைய 20,000. அவற்றில் புகழ்பெற்ற சிலவற்றைப் பற்றி ஆயிரக்கணக்கில் ஆய்வுகள் வந்துகொண்டே இருக்கும். பெரும்பாலானவற்றைச் சீண்டுவார் குறைவு. ஆகவே கணினி நிரல் ஒன்றைக் கொண்டு ஆயிரக்கணக்கான மரபணுக்களுக்கு அடித்தளப் பக்கங்களைத் தானாக உருவாக்கினார்கள். பெயர், இருப்பிடம், அது உண்டாக்கும் புரதம், தொடர்புடைய ஆய்வுகள் என்று ஓர் எலும்புக்கூடு. சதை வைக்க வேண்டியது மனிதர்கள். 2011இல் அந்தப் பக்கங்களின் எண்ணிக்கை 10,000ஐத் தாண்டியிருந்தது. எங்கோ ஒரு நாட்டில் ஒரு மரபணுவை மட்டுமே பத்தாண்டுகளாக ஆராயும் ஒருவர் வந்து நான்கு வரி சேர்ப்பார். இலக்கணப் பிழையை வேறொருவர் திருத்துவார். படம் வரையத் தெரிந்தவர் படம் போடுவார்.

இதெல்லாம் சுமுகமாக நடந்தது என்று நினைத்துவிட வேண்டாம். பேராசிரியர் ஒருவர் தாம் முப்பது ஆண்டுகளாக அறிந்ததை எழுதினால், பெயர் தெரியாத யாரோ ஒருவர் “சான்று தேவை” என்று அடிக்குறி போட்டுவிட்டுப் போவார். அவர் கல்லூரி மாணவராகக்கூட இருக்கலாம். பேராசிரியருக்குக் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் அந்த விதிக்குக் காரணம் இருக்கிறது. 2007ஆம் ஆண்டில், தம்மைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் என்று சொல்லிக்கொண்டு அங்கே பெரும் பொறுப்பில் இருந்த ஒருவர், பட்டம் ஏதுமில்லாத 24 வயது இளைஞர் என்பது வெளிப்பட்டது. எழுதுபவரின் பட்டத்தைப் பார்க்காதே, காட்டும் சான்றைப் பார் என்பதுதான் அங்கே ஒரே பாதுகாப்பு. 2010இல் ‘பிளாஸ் கம்ப்யூட்டேஷனல் பயாலஜி’ ஆய்விதழ், விக்கிப்பீடியாவில் எழுதப்போகும் விஞ்ஞானிகளுக்கென்றே பத்து எளிய விதிகளை வெளியிட்டது. மேற்சொன்ன பேட்மனும் மான்ஸ்கேவும் அதை எழுதியவர்களில் இருவர்.

இன்னொரு சங்கடம், இந்த வேலைக்குக் கூலி இல்லை. பதவி உயர்வுக்கும் கணக்கில் வருவது அரிது. அதே இதழ் 2012இல் அதற்கும் ஒரு வழி கண்டது. விஞ்ஞானி கலைக்களஞ்சிய நடையில் ஒரு கட்டுரை எழுதுவார். இதழ் அதைப் பரிசீலித்து அவர் பெயரில் வெளியிடும். அதன் பிரதி விக்கிப்பீடியாவுக்குப் போகும். எழுதியவருக்குப் பெயர், படிப்பவருக்குப் பக்கம். மனிதர்களின் இயல்பு தெரிந்து போட்ட திட்டம்.

நமக்கு இது புதிதா?

இதையெல்லாம் கேட்டால் ஏதோ வெள்ளைக்காரர் விவகாரம் போலத் தோன்றலாம். சிங்கப்பூருக்கு, அதிலும் சிங்கப்பூர்த் தமிழுக்கு, இது பழைய கதை. விக்கிப்பீடியா பிறப்பதற்கு ஐந்து ஆண்டுகளுக்கும் மேல் முன்பே இங்கே ஒரு விஞ்ஞானியும் ஒரு தமிழ் எழுத்தாளரும் கைகோத்திருக்கிறார்கள்.

1995ஆம் ஆண்டு அக்டோபரில், அன்றைய அதிபர் ஓங் டெங் சியோங் சிங்கப்பூர்க் கவிதைகளின் இணையத் தொகுப்பு ஒன்றைத் தொடங்கிவைத்தார். நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் கவிதைகள் இருந்தன. தமிழ் எழுத்து உலக இணையத்தில் ஏறிய முதல் நிகழ்வுகளில் அது ஒன்று. அதன் பின்னணியில் இருந்தவர்களில் ஒருவர், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீ. அவர் கணினித் துறைக்காரர் அல்லர், உயிர்வேதியியலாளர். உயிரியல் தரவுகளைக் கணினி வழி ஆராயும் துறையை இந்த வட்டாரத்தில் வளர்த்தவர்களில் முக்கியமானவர். இன்னொருவர், தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளராக இருந்த சிறுகதை எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. ‘கணியன்’ என்ற பெயரில் தமிழ் எழுத்துருவையும் இணையப் பணியையும் அமைத்தவர். எழுத்துகள் திரையில் எப்படித் தெரிய வேண்டும் என்பது ஒருவருக்குத் தெரியும்; கம்பி வழியாக எப்படி அனுப்புவது என்பது மற்றவருக்குத் தெரியும். 1997 மே மாதம் தமிழ் இணையம் பற்றிய முதல் மாநாடு சிங்கப்பூரில் கூடியதும் இந்த முயற்சிகளின் தொடர்ச்சியே. கோவிந்தசாமி 1999இல் காலமாகிவிட்டார். டான் டின் வீயின் பெயர் 2012இல் உலக இணையப் புகழ்மன்றத்தில் சேர்க்கப்பட்டது.

அதே காலத்தில் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம், 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கி, உலகெங்கும் உள்ள தொண்டூழியர்களைக் கொண்டு பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றினார். இதில் ஒரு வேடிக்கையைக் கவனித்தீர்களா? நம்மிடம் விஞ்ஞானிகள் தமிழ் இலக்கியத்தை இணையத்தில் ஏற்ற ஓடிவந்தார்கள். தங்கள் சொந்த அறிவியலைத் தமிழில் ஏற்ற வந்தவர்கள் அதைவிடக் குறைவு.

தமிழ் விக்கிப்பீடியா 2003 செப்டம்பரில் வளரத் தொடங்கியது. அதற்கு அடித்தளமிட்ட இலங்கைத் தமிழர் இ. மயூரநாதன் ஒரு கட்டடக் கலைஞர். கலைச்சொல் விவாதங்களில் முன்னே நின்றவர்களில் ஒருவரான செ. இரா. செல்வக்குமார், கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் மின் பொறியியல் பேராசிரியர். இன்று அங்கே ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட கட்டுரைகள் இருக்கின்றன. ஆனால் உயிரினங்களைப் பற்றிய பல பக்கங்கள் பெயரும் ஒரு படமும் இரண்டு வரியுமாக நின்றுவிடுகின்றன. தொண்டூழியர்கள் தங்களால் இயன்றதைச் செய்துவிட்டார்கள். அதற்கு மேல் நகர்த்தத் துறை அறிந்தவர் வேண்டும்.

சொல் சிக்கல் ஒன்று இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லத்தான் வேண்டும். தமிழகப் பாடநூல் ‘செல்’ என்கிறது. தனித்தமிழ் விரும்புவோர் ‘உயிரணு’ என்கிறார்கள். யாழ்ப்பாணத்து மாணவர் ‘கலம்’ என்று படிக்கிறார். ‘திசு’ அங்கே ‘இழையம்’. ‘மரபணு’ அங்கே ‘பரம்பரையலகு’. ‘குரோமோசோம்’ அங்கே ‘நிறமூர்த்தம்’. ‘ஆக்சிஜன்’ அங்கே ‘ஒட்சிசன்’. சிங்கப்பூர் மாணவருக்கு இவற்றில் எதுவுமே பழக்கமில்லை. தமிழ் விக்கிப்பீடியாவின் உரையாடல் பக்கங்களில் இதற்காக நடந்திருக்கும் வாதங்களைப் படித்தால் பட்டிமன்றம் தோற்றுவிடும். ஆனால் தொழில்நுட்பம் ஒரு வழி தருகிறது. ஒரு சொல்லைத் தலைப்பாக வைத்துவிட்டு, மற்றவற்றைத் தேடினாலும் அதே பக்கத்துக்கு வந்து சேரும்படி வழிமாற்று கொடுத்துவிடலாம். அச்சுப் புத்தகத்தில் முடியாத காரியம் இது. பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியத்தை வெளியிட்டபோது அறிஞர்கள் பலர் எழுதினார்கள். நல்ல தமிழில் அது வந்தது. ஆனால் அச்சேறிய சொல் அச்சேறியதுதான்.

ஆள் கிடைக்காவிட்டால் இயந்திரம் மொழிபெயர்க்கட்டுமே என்றும் பார்த்தாகிவிட்டது. 2009 தொடங்கி கூகல் நிறுவனம் கூலிக்கு மொழிபெயர்ப்பாளர்களை அமர்த்தி, தன் மொழிபெயர்ப்புக் கருவியின் உதவியோடு ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாக்கி ஏற்றியது. நீளமான கட்டுரைகள், படித்தால் புரியாத வாக்கியங்கள். தொண்டூழியர்கள் நிறுத்தச் சொல்லிப் பேச வேண்டியதாயிற்று. அ. ரவிசங்கர் 2010இல் போலந்தின் கடான்ஸ்க் நகரில் நடந்த உலக விக்கிப்பீடியர் மாநாட்டில் இந்த அனுபவத்தை ஒரு மதிப்பாய்வாகவே முன்வைத்தார். இன்றைய இயந்திர மொழிபெயர்ப்பு அன்றைக்குவிட எவ்வளவோ மேல். என்றாலும் ‘பொரிக்காத முட்டை’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘பொறிக்காத’ என்று போட்டுவிட்டால், அதைப் பிடிக்கத் தமிழ் தெரிந்த ஒருவரின் கண்தான் வேண்டும்.

சிங்கப்பூரில் எழுதுவதற்குச் சரக்கு இல்லையா? தேக்கா ஈரச்சந்தையில் மீன் கடை முன்னால் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். தமிழர் ‘கொடுவா’ என்று கேட்பார். பக்கத்தில் நிற்கும் மலாய்க்காரர் அதையே ‘சியாகாப்’ என்பார். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவர் ‘பாரமுண்டி’ என்பார். விஞ்ஞானிக்கு அது ‘லேட்டஸ் கால்காரிஃபர்’. இளவயதில் ஆணாக இருந்து பின்னர் பெண்ணாக மாறும் மீன் அது என்பது கூடையில் போட்டுக்கொண்டு போகிற எத்தனை பேருக்குத் தெரியும்? பெயர்கள் நான்கையும் ஒரே பக்கத்தில் கட்டிவைக்க மீன்கடைக்காரரும் வேண்டும், மீனியல் அறிந்தவரும் வேண்டும்.

இந்தத் தீவுக்கே உரிய நன்னீர் நண்டு ஒன்று இருக்கிறது. ‘ஜொகோரா சிங்கப்பூரென்சிஸ்’ என்று பெயரிட்டு 1986இல் அதை உலகுக்கு அறிவித்தவர் சிங்கப்பூரின் நண்டு ஆய்வாளர் பீட்டர் இங். உலகில் வேறெங்கும் இல்லாத உயிர், புக்கிட் தீமா போன்ற சில இடங்களின் ஓடைகளில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உலகில் மிக அதிகமாக அழிவின் விளிம்பில் உள்ள 100 உயிரினங்களின் பட்டியலில் 2012இல் அதுவும் இடம்பெற்றது. நம் ஊர்ப் பெயரையே சுமக்கும் நண்டு.

விஞ்ஞானியும் தொண்டூழியரும் சேர்ந்து சேற்றில் இறங்கிய அனுபவமும் இங்கே உண்டு. தேசியப் பூங்காக் கழகமும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் 2010 முதல் ஐந்து ஆண்டுகள் கடல்வாழ் உயிரினக் கணக்கெடுப்பு நடத்தின. இல்லத்தரசிகள், மாணவர்கள், அலுவலக ஊழியர்கள் வந்து, அள்ளிவந்த சேற்றைச் சலித்துப் புழுவையும் நண்டையும் பிரித்துக் கொடுத்தார்கள். அறிவியலுக்கே புதியதாக இருக்கக்கூடிய உயிரினங்கள் 100 அளவில் அதில் அகப்பட்டன. கப்பல் நெரிசல் மிகுந்த இந்தச் சின்னக் கடலில்!

தமிழ்ப் பக்கமும் கைகள் குறைவில்லை. சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்களை மின்வடிவாக்கும் பணியில் தொண்டூழியர்கள் தேசிய நூலக வாரியத்துடன் இணைந்து உழைத்து, 2015இல் அதை நாட்டுக்கு அளித்தார்கள். 2025இல் சிங்கப்பூர்த் தமிழர் கலைக்களஞ்சியம் இணையத்தில் வெளியானது. மனிதர்களையும் அமைப்புகளையும் வரலாற்றையும் எழுதிப் பழகிய கைகள் அவை. பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்களிலும் மருத்துவமனைகளிலும் தமிழ் பேசும் உயிரியலாளர்கள் இருக்கிறார்கள். “தமிழில் எழுத வராதுங்க” என்று தயங்குகிறார்கள். எழுத வேண்டாம், சொன்னால் போதும். எழுத ஆள் இருக்கிறது.

பீட்டி சாலையில் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் இருக்கிறது. ஃபேரர் பார்க் எம்ஆர்டி நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரம். ஒரு சனிக்கிழமை மதியம் கொசுவை ஆராயும் ஒருவர், ஒரு தமிழாசிரியர், ஆங்கிலத்தில் உயிரியல் படிக்கும் நான்கு மாணவர்கள், கூடவே அந்தப் பாட்டி. மாணவர் படிப்பார், ஆய்வாளர் திருத்துவார், ஆசிரியர் எழுதுவார். எழுதியதைப் பாட்டியிடம் வாசித்துக் காட்ட வேண்டும். “ஆம்பளைக் கொசு கடிக்காதுன்னா, எது ஆம்பளைக் கொசுன்னு எப்படித் தெரியும்?” என்று அவர் கேட்பார். ஆணுக்கு உணர்கொம்பு இறகைப் போலப் புசுபுசுவென்று இருக்கும். அந்த வரியையும் பக்கத்தில் சேர்த்துவிட்டு, சான்று எங்கே இருக்கிறது என்று ஆய்வாளரிடம் கேட்டு அதன் கீழே போட வேண்டும்.